மர டம்பெல்ஸும் பியானோவும்

போன மாசம் அக்கா பையன் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினான். இஞ்சினியரிங் முதல் வருஷம். "மாமா, காலைல அஞ்சரைக்கே எழுப்பி கிரவுண்டைச் சுத்தி ஓட விடறாங்க. வரலைன்னா அட்டெண்டன்ஸ்ல கை வைக்கிறாங்க. எதுக்கு மாமா இதெல்லாம்?"ன்னான். உலகத்துல இருக்கிற எல்லா மாமாக்களும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன். "உடம்புக்கு நல்லதுடா." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "உடம்பெல்லாம் நல்லாத்தான் மாமா இருக்கு. தூக்கம்தான் வரமாட்டேங்குது. புக்கைத் திறந்தாலே நெஞ்சு படபடங்குது"ன்னான்.

என்கிட்ட பதில் இல்ல. ஏன்னா நான் படிச்ச காலேஜ்லயும் (பேர் வேண்டாம், விடுங்க) உடற்பயிற்சின்னா தண்டனைன்னுதான் அர்த்தம். லேட்டா வந்தா நாலு ரவுண்டு. ஷூ போடாம வந்தா ஆறு ரவுண்டு. பிடி மாஸ்டரை தூரத்துல பார்த்தாலே தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவோம். மூணாவது செமஸ்டர்ல எனக்கு ரெண்டு அரியர் விழுந்து, ராத்திரியெல்லாம் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு படுத்துக் கிடந்த காலம் ஒண்ணு இருந்திச்சு. அப்ப என்னைத் தினமும் இழுத்துக்கிட்டு ரயில்வே கேட் வரைக்கும் நடந்தவன் என் ரூம்மேட். அந்த நடையை நாங்க யாரும் உடற்பயிற்சின்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்.

சரி, கதைக்கு வர்றேன். பையன் கேட்ட 'எதுக்கு மாமா' மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்ததால, காலேஜ்ல உடற்பயிற்சிங்கிற வழக்கம் எங்க ஆரம்பிச்சதுன்னு தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். இந்த விஷயம் முதல்ல ஆரம்பிச்சதே தொப்பையைக் குறைக்கவோ மெடல் வாங்கவோ இல்ல. படிப்புச் சுமையில பையன்கள் உடைஞ்சு போறாங்கன்னு ஒரு கல்லூரித் தலைவர் பயந்ததாலதான்.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம். அங்க கனெக்டிகட் நதி ஓடுற பள்ளத்தாக்குல ஆம்ஹெர்ஸ்ட்னு ஒரு சின்ன ஊர் (உள்ளூர்க்காரங்க நடுவுல வர்ற 'ஹ'வை முழுங்கிடுவாங்க). கவிஞர் எமிலி டிக்கின்சன் பிறந்து, வளர்ந்து, பிற்காலத்துல வீட்டை விட்டு அதிகம் வெளிய வராமலே வாழ்ந்து முடிச்ச ஊர். அவங்க அப்பா எட்வர்ட் டிக்கின்சன்தான் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்கு ரொம்ப வருஷம் பொருளாளர். அந்தக் கல்லூரிக்கு 1854ல் வில்லியம் அகஸ்டஸ் ஸ்டெர்ன்ஸ் தலைவரா வந்தார். பாதிரியார். வந்த கொஞ்ச நாள்லயே ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்திச்சு. குளிர்காலம் முடிஞ்சு வசந்தம் வரும்போது பையன்கள் வரிசையா படுத்துக்கிறாங்க. சிலர் படிப்பை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. இருக்கிறவங்களும் பாதி உயிரோடதான் நடமாடறாங்க. இதைத் தடுக்க முடியும், தடுக்காம இருக்கிறது நம்ம தப்புன்னு நிர்வாகக் குழுவுக்கு வருஷா வருஷம் அறிக்கையில எழுதிக்கிட்டே இருந்தார்.

அப்ப 'மன அழுத்தம்'ங்கிற சொல்லெல்லாம் கிடையாது. நரம்பு வலு தீர்ந்து போச்சு, ஜீரணம் கெட்டுப் போச்சு, இப்படித்தான் பேசுவாங்க. 1869ல் ஜார்ஜ் பியர்ட்னு ஒரு டாக்டர் இதுக்கு 'நியூரஸ்தீனியா'ன்னு பேர் வச்சு பிரபலப்படுத்தினார். நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டு சுவர்ல எல்லாம் 'நரம்புத் தளர்ச்சியா? இளைஞர்களே கவலை வேண்டாம்'னு லாட்ஜ் வைத்தியர்கள் எழுதி வைப்பாங்களே, அதோட தாத்தா இதுதான்னு வச்சுக்கலாம் :-)

ஸ்டெர்ன்ஸ் வெறுங்கையோட ஆரம்பிக்கல. 1820களிலேயே ஜெர்மனியில இருந்து அரசியல் காரணமா தப்பிச்சு வந்த சார்லஸ் பெக், சார்லஸ் ஃபாலன்னு ரெண்டு பேர், அவங்க ஊர் ஜிம்னாஸ்டிக்ஸை இங்க கொண்டு வந்திருந்தாங்க. பெக் 1825ல் பக்கத்து ஊரான நார்தாம்ப்டன்ல ஒரு பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சார். ஃபாலன் 1826ல் ஹார்வர்டுல ஆரம்பிச்சார். முதல்ல திருவிழாக் கூட்டம். அப்புறம் ஒவ்வொருத்தனா கழண்டுக்கிட்டு, கொஞ்ச வருஷத்துல கம்பமும் கயிறும் மட்டும் மிச்சம். புது வருஷம் பிறந்ததும் ஜிம்முல சேர்ந்துட்டு மார்ச் மாசம் காணாம போறோமே, அதே கதை.

ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில இதுக்கு இன்னொரு முன்கதையும் உண்டு. எட்வர்ட் ஹிட்ச்காக்னு ஒரு பேராசிரியர். புவியியல் வல்லுநர். அந்தப் பள்ளத்தாக்குப் பாறைகள்ல பதிஞ்சிருந்த பெரிய பெரிய மூணு விரல் காலடித் தடங்களைச் சேகரிச்சவர். அதெல்லாம் ராட்சசப் பறவைகளோட தடம்னு நம்பினார். டைனோசர்னு பின்னாடிதான் தெரிஞ்சது. மனுஷனுக்கு தீராத அஜீரணம், எப்பவும் உடம்பைப் பத்தியே கவலை. 1830ல் மாணவர்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு என்ன சாப்பிடணும், எவ்வளவு நடக்கணும்னு தொடர் சொற்பொழிவு நடத்தி, அதைப் புத்தகமாவும் போட்டுட்டார். பையன்கள் எவ்வளவு ரசிச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இவரோட பையன் பேரும் எட்வர்ட் ஹிட்ச்காக்தான். 1828ல் பிறந்தவர். ஆம்ஹெர்ஸ்ட்ல படிச்சு, ஹார்வர்டுல மருத்துவம் முடிச்சவர். அப்பா ராட்சசப் பறவைகளோட காலை அளந்தார்னா, பிள்ளை அம்பது வருஷம் மாணவர்களோட கை, கால், மார்பு, மூச்சுன்னு அளந்து தள்ளினார். ஆனா அவர் முதல் ஆள் இல்ல. 1860ல் கல்லூரியில புது உடற்பயிற்சிக் கூடம் எழும்பினதும் சுகாதாரம், உடற்கல்வி ரெண்டுக்கும் சேர்த்து தனித்துறை ஆரம்பிச்சு ஜான் ஹூக்கர்னு ஒரு டாக்டரைப் போட்டாங்க. அவர் கொஞ்ச நாள்லயே வேலையை விட்டுட்டார். காரணம், உடம்பு சரியில்ல! விதி சில நேரம் ரொம்ப மட்டமா ஜோக் அடிக்கும். 1861ல் அந்த இடத்துக்கு சின்ன ஹிட்ச்காக் வந்தார். பின்னாளில் பசங்க அவரை 'ஓல்ட் டாக்'னு கூப்பிட்டாங்க. 1911ல் சாகுற வரைக்கும் அதே வேலைதான்.

அவர் என்ன பண்ணினார்ங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கம்பத்துல தொங்கு, கயித்துல ஏறுன்னு ஆரம்பிச்சா பலசாலிப் பையன்கள் நாலு பேர் மட்டும் வித்தை காட்டுவாங்க, மத்தவன் ஓரமா நிப்பான்னு அவருக்குப் புரிஞ்சிருந்தது. அந்த சமயம் பாஸ்டன்ல டயோ லூயிஸ்னு ஒருத்தர் கனம் குறைஞ்ச மர டம்பெல்ஸ், வளையம், தடி இதையெல்லாம் வச்சு இசையோட சேர்ந்து செய்யுற புது முறையைப் பரப்பிக்கிட்டு இருந்தார். ஹிட்ச்காக் அதைப் பிடிச்சுக்கிட்டார். வாரத்துக்கு நாலு நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். வகுப்பு வகுப்பா வரணும். ஆளுக்கு ரெண்டு மர டம்பெல்ஸ். ஒரு பக்கம் பியானோ வாசிப்பாங்க. மாணவர்கள்லயே ஒருத்தன் கேப்டன், அவன்தான் முன்னால நின்னு நடத்துவான். கடைசியில கொஞ்ச நேரம் குட்டிக்கரணம், ஓட்டம், கேலி, கூச்சல் எதுக்கும் தடையில்ல. பாதிரியார்களை உருவாக்க ஆரம்பிச்ச ஒரு கல்லூரியில இது நடந்திருக்குங்க. அந்தக் கூச்சலுக்கு இடம் விட்டதுதான் எனக்கு முக்கியமாத் தெரியுது. கட்டாயம் உண்டு, வருகைப் பதிவும் உண்டு. ஆனா அது தண்டனையா மாறாம பார்த்துக்கிட்டார். எங்க பிடி மாஸ்டருக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

நடுவுல ஒரு கொசுறு. அந்தக் கால அமெரிக்க ஜிம்முகள்ல 'இந்தியன் கிளப்'னு ஒரு சாமான் ரொம்பப் பிரபலம். வேற ஒண்ணுமில்ல, நம்ம கர்லாக்கட்டைதான். வெள்ளைக்கார ராணுவத்துக்காரங்க இந்தியாவுல பார்த்து, இங்கிலாந்துக்குக் கொண்டு போயி, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி, 'அமெரிக்காவுலயே கல்லூரி உடற்கல்வித் துறை முதல்ல எங்ககிட்டதான்'னு பெருமையா சொல்லிக்கும். துறைன்னு பார்த்தா சரிதான். ஆனா அங்கிருந்து கொஞ்ச தூரத்துல, சவுத் ஹாட்லிங்கிற ஊர்ல, மேரி லயன்னு ஒரு அம்மா 1837லயே பெண்களுக்காக மவுண்ட் ஹோலியோக் கல்வி நிலையத்தை ஆரம்பிச்சிருந்தாங்க. அங்க பொண்ணுங்க தினமும் ஒரு மைல் நடக்கணும், கலிஸ்தெனிக்ஸ் பயிற்சியும் செய்யணும். ஆம்ஹெர்ஸ்ட்ல கூடம் கட்டுறதுக்கு இருபது வருஷத்துக்கு மேல முன்னாடி! எமிலி டிக்கின்சன்கூட 1847-48ல் அங்க படிச்சவங்கதான். வரலாறு எழுதுறவங்க ஆம்ஹெர்ஸ்டுக்கு ஒரு அத்தியாயமும் மேரி லயனுக்கு ஒரு வரியும் கொடுக்கிறது எனக்கு நியாயமாப் படல.

பெண்கள் பக்கம் இந்தக் கதை இன்னும் சூடானது. 1873ல் எட்வர்ட் கிளார்க்னு ஹார்வர்டு சம்பந்தப்பட்ட ஒரு டாக்டர் புத்தகம் எழுதினார். பொண்ணுங்க ஆம்பளைப் பசங்க மாதிரி மண்டையை உடைச்சுக்கிட்டு படிச்சா, உடம்புல இருக்கிற சக்தி எல்லாம் மூளைக்குப் போயிடும், கர்ப்பப்பை கெட்டுப்போகும், நரம்பு தளர்ந்து போகும்னு வாதம். புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. நம்ம பாட்டிங்க 'படிச்சது போதும், உடம்பு கெட்டுடும்'னு சொன்னதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமில்ல. இவர் லத்தீன் கலந்து சொன்னார், அவ்ளோதான்.

பட்டம் வாங்கின பெண்கள் சும்மா இருக்கல. அவங்க சங்கம் வச்சு, ஒரு கேள்வித்தாளைத் தயார் பண்ணி, படிச்சு முடிச்ச பெண்களுக்கு அனுப்பினாங்க. 705 பேர் பதில் எழுதினாங்க. 1885ல் மாசசூசெட்ஸ் மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் மூலமாவே அந்த முடிவு வெளியாச்சு. முக்கால்வாசிக்கு மேல நல்ல ஆரோக்கியம். படிப்பால உடம்பு கெட்டதுக்கு ஆதாரமே இல்ல. கல்லூரி மாணவர்களோட உடல்நலத்தையும் மனநலத்தையும் பத்தி இன்னைக்கு ஆயிரக்கணக்குல கேள்வித்தாள் ஆய்வு வருதே, அதுக்கெல்லாம் இதுவும் ஒரு முப்பாட்டி.

இதே பள்ளத்தாக்குல, நார்தாம்ப்டன்ல இருக்கிற ஸ்மித் பெண்கள் கல்லூரிக்கு 1892ல் செண்டா பெரன்சன்னு ஒரு இளம்பெண் உடற்கல்வி ஆசிரியையா வந்தாங்க. லிதுவேனியாவுல பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறின யூதக் குடும்பம். இவங்க ஆசைப்பட்டது பியானோ. ஆனா நோஞ்சான் உடம்பு, முதுகுவலி, ரொம்ப நேரம் உட்கார்ந்து வாசிக்க முடியல. உடம்பைத் தேத்திக்கத்தான் பாஸ்டன்ல ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளியில சேர்ந்தாங்க. அதுவும் அரைமனசோட. அங்க செஞ்சதெல்லாம் முதல்ல கட்டோட பிடிக்கல. மாசக்கணக்குல வேண்டா வெறுப்பா செஞ்சு, ஒரு கட்டத்துல உடம்பு தேற ஆரம்பிச்சதும்தான் மனசு திரும்பியிருக்கு. பக்கத்து ஊர் ஸ்பிரிங்ஃபீல்டுல 1891 டிசம்பர்ல ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடிச்ச புது விளையாட்டைப் பத்திக் கேள்விப்பட்டு, தன் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கூடைப்பந்து! 1893 மார்ச்ல முதல் வருஷ மாணவிகளுக்கும் ரெண்டாம் வருஷ மாணவிகளுக்கும் மேட்ச். ஆம்பளைங்களுக்கு அனுமதி இல்ல. உள்ள ஒரே ஆரவாரமாம்.

நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா வரலாறு ஆகாது. ஹிட்ச்காக் ஆரம்பிச்ச அளவெடுப்பு இருக்கே, அது அவர் கையில இருந்த வரைக்கும் பெருசா வினையில்ல. ஒவ்வொரு பையனும் எப்படி வளர்றான்னு பார்க்க உதவிச்சு. ஆனா அளவுன்னு வந்துட்டா சராசரி வரும். சராசரின்னு வந்துட்டா நீ அதுக்கு மேலயா கீழயான்னு கேள்வி வரும். இருபதாம் நூற்றாண்டுல அமெரிக்காவுல பேர்போன பல கல்லூரிகள்ல, 1960கள் வரைக்கும்கூட, புதுசா சேர்ந்த மாணவர்களை உடையில்லாம நிக்க வச்சு, நிமிர்ந்து நிக்கிறாங்களான்னு பார்க்கறோம்னு போட்டோ எடுத்திருக்காங்க. பெண்கள் கல்லூரிகள்லயும் நடந்தது. வில்லியம் ஷெல்டன்னு ஒரு உளவியலாளர், உடம்போட வடிவத்தை வச்சே ஒருத்தரோட குணத்தைச் சொல்லிடலாம்னு கொள்கை வச்சிருந்தவர், இந்தப் படங்களை ஆய்வுக்குன்னு வாங்கிக்கிட்டார். 1995ல் நியூயார்க் டைம்ஸ் இதழ்ல இது விரிவா வெளிவந்தப்புறம்தான் பலருக்குத் தெரிஞ்சது. பதினேழு பதினெட்டு வயசுல, புது ஊர்ல, முதல் வாரத்துல இப்படி நிக்க வச்சா, அந்தப் பிள்ளைக்கு உடற்கல்வின்னாலே என்ன தோணும்?

பிள்ளைங்களுக்கு 'என்ன தோணுது'ன்னு முறையா அளக்க நல்ல ஒரு கருவி வந்தது 1968லதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஜெரால்டு கென்யன்னு ஒருத்தர், மனுஷங்க உடற்பயிற்சியை ஆறு விதமாப் பார்க்கறாங்கன்னு பிரிச்சு, மாணவர்கள்கிட்ட கேட்கறதுக்கு ஒரு அளவுகோல் செஞ்சார். நாலு பேரோட கூடி இருக்கிறதுக்காக செய்யறவன் ஒருத்தன். ஆரோக்கியத்துக்காக ஒருத்தன். ராட்டினம் சுத்துற மாதிரி ஒரு கிறுகிறுப்புக்காக ஒருத்தன். அசைவோட அழகுக்காக ஒருத்தி. உள்ள அடைஞ்சு கிடக்கிறதை வெளிய கொட்டுறதுக்காக ஒருத்தி. தவம் மாதிரி உடம்பை வருத்தி ஜெயிக்கிறதுக்காக ஒருத்தன். இதைப் படிச்சப்ப எனக்கு அந்த ரயில்வே கேட் நடைதான் ஞாபகம் வந்தது. நான் முதல் வகை ஆள். என்னை ஆறாவது வகையில தள்ளி ஓட விட்டிருக்காங்க, அதான் ஒட்டல.

மனசுக்கு நிஜமாவே பலன் இருக்கான்னு கேட்டா, 1984ல் அமெரிக்காவுல மெக்கான், ஹோம்ஸ்ங்கிற ரெண்டு பேர் ஒரு சின்ன ஆய்வு செஞ்சாங்க. மனச்சோர்வு இருந்த 43 கல்லூரி மாணவிகள். ஒரு குழுவுக்கு மூச்சு வாங்குற மாதிரி உடற்பயிற்சி, இன்னொண்ணுக்கு தசைகளைத் தளர்த்துற பயிற்சி, மூணாவதுக்கு எதுவும் இல்ல. பத்து வாரம். உடற்பயிற்சிக் குழுவுக்குத்தான் மனச்சோர்வு அதிகமாக் குறைஞ்சது. அதுக்கப்புறம் எத்தனையோ ஆய்வு. பலன் உண்டு, ஆனா ஆய்வை எவ்வளவு கறாரா நடத்துறாங்களோ அந்த அளவுக்குப் பலன் சின்னதாத் தெரியுதுன்னு 2013ல் காக்ரன் தொகுப்பு சொல்லிச்சு. மருந்தை நிறுத்திட்டு ஓடுங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு. ரால்ஃப் பாஃபன்பர்கர்னு ஒருத்தர் ஹார்வர்டுல படிச்சு வெளிய போன சுமார் 17 ஆயிரம் ஆண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து, 1978ல் மாரடைப்பு பத்தி எழுதினார். காலேஜ்ல பெரிய விளையாட்டு வீரனா இருந்துட்டு பின்னாடி சோபாவுல சாய்ஞ்சவனுக்கு அந்தப் பழைய ஓட்டம் கை கொடுக்கல. காலேஜ்ல நோஞ்சானா இருந்து பின்னாடி தொடர்ந்து உடம்பை அசைச்சவன் தப்பிச்சான். அதே மாதிரி ஆட்களை வச்சு 1994ல் மனச்சோர்வையும் பார்த்தாங்க. விளையாட்டுல இருந்தவங்களுக்கு அது வந்தது குறைவு. அப்படின்னா நாலு வருஷத்துல எத்தனை ரவுண்டு ஓட வச்சோம்ங்கிறதை விட, வெளிய போனப்புறம் அவனா ஓடுவானாங்கிறதுதான் கணக்கு. அட்டெண்டன்ஸ்ல கை வைக்கிறவங்க இதை யோசிக்கணும்.

நம்ம ஊருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் நேர் சொந்தம் உண்டு. நெய்ஸ்மித் இருந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில படிச்ச ஹாரி குரோ பக், மெட்ராஸுக்கு வந்து 1920ல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பள்ளியை ஆரம்பிச்சார். இன்னைக்கு நந்தனத்துல இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். அதுவரைக்கும் இங்க பள்ளிக்கூடங்கள்ல பெரும்பாலும் டிரில் மாஸ்டர்தான். ராணுவ பாணி, லெஃப்ட் ரைட், பிரம்பு. பக், விளையாட்டுங்கிறதைப் பாடமாக் கொண்டு வந்தார், விதிமுறைப் புத்தகம் எழுதினார், 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோட போனார். 1943ல் காலமானார். நம்ம தெருமுனைல வலை கட்டி ஆடுற வாலிபால்கூட ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்துல ஹோலியோக்குங்கிற ஊர் ஒய்.எம்.சி.ஏ.வுல 1895ல் பிறந்ததுதான். விளையாட்டு வந்து சேர்ந்துடுச்சு. டிரில் மாஸ்டர்தான் இன்னும் முழுசாப் போகல.

இதையெல்லாம் படிச்சுட்டு பையனுக்குப் போன் போட்டேன். ஹிட்ச்காக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சதும், "மாமா, ரீல் ஓட்டாதீங்க"ன்னான். சரின்னு நிறுத்திட்டு, "உனக்கு எது பிடிக்கும்? அதைச் சொல்லு"ன்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சு, "ஷட்டில் ஆடலாம் மாமா. ஆனா கோர்ட்ல சீனியருங்கதான் எப்பவும் நிப்பாங்க"ன்னான். நேத்து அவனே கூப்பிட்டான். காலை ஓட்டம் அப்படியேதான் நடக்குதாம். சாயந்திரம் மட்டும் ரூம்ல இருக்கிற ஒரு ராமநாதபுரத்துப் பையனோட பைபாஸ் டீக்கடை வரைக்கும் நடந்து போயிட்டு வர்றானாம். தூக்கம் வருதாடான்னு கேட்டேன். "சில நாள் வருது மாமா"ன்னான்.

காலேஜ்ல கவுன்சிலர் யாராவது இருக்காங்களான்னு விசாரிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன். அக்காகிட்ட இன்னும் சொல்லல. இந்த ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி அவனைப் போய்ப் பார்க்கணும்.